பாய்மரத்துக்குள் சுருளும் மெயின்செயில்: பொருத்துவது, விரிப்பது, சுருட்டுவது, சிக்கினால் எடுப்பது

மலேசியாவின் லங்காவித் தீவில் வாடகைப் படகுகளைப் பயணிகளிடம் ஒப்படைக்கும் வேலை என்னுடையது. 36 அடி முதல் 45 அடி வரையான பாய்மரப் படகுகள். பாதிக்கு மேல் மெயின்செயில், அதாவது முதன்மைப் பாய், பாய்மரத்துக்குள்ளேயே சுருளும் வகை. சீசனில் வாரம் ஓர் அழைப்பாவது வந்துவிடும்: "அண்ணே, பாய் பாதியில நிக்குது. வெளியவும் வரல, உள்ளயும் போகல."

போய்ப் பார்த்தால் கருவியில் கோளாறு இருப்பது அபூர்வம். முந்தின நாள் மாலை நங்கூரம் போடுகிற அவசரத்தில் பாயைத் தொளதொளவென்று சுருட்டி உள்ளே தள்ளியிருப்பார்கள். அந்தத் தொளதொளப்புதான் மறுநாள் காலை பிளவில் வந்து மாட்டுகிறது. விரிக்கும்போது தெரிகிற சிக்கல் சுருட்டும்போது உண்டானது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் படிகளின் வரிசை ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

1. எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அலுமினியத்தில் செய்ததென்றாலும் பாய்மரத்தை மரம் என்றே எழுதுகிறேன். அதன் பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. உள்ளே தனி அறை, அறைக்குள் நெடுக நிற்கும் ஓர் அலுமினியத் தண்டு. இதை உள்தண்டு என்போம். பாயின் முன்விளிம்பான லஃப், உள்தண்டில் இருக்கும் காடிக்குள் நுழைந்திருக்கும். தண்டு சுழன்றால் பாய் அதன்மேல் சுருளும்.

பாயின் பின்விளிம்பு லீச். கீழ்விளிம்பு ஃபுட். பின்பக்கக் கீழ்மூலை க்ளூ, முன்பக்கக் கீழ்மூலை டாக். மரத்திலிருந்து பின்னோக்கிக் கிடையாக நீளும் கம்பம் பூம். க்ளூவை அதன் வழியே பின்னோக்கி இழுக்கிற கயிறு அவுட்ஹால். தண்டைச் சுழற்றுகிற கயிறு சுருட்டுக் கயிறு. பல படகுகளில் இது முனையில்லாத வளையமாக ஓடும், சிலவற்றில் உருளையில் சுற்றிக்கொள்ளும். பாயின் தலையை மேலே இழுத்து நிறுத்துவது ஹாலியார்ட். பூமைக் கீழிருந்து தாங்கவும் கீழே இழுக்கவும் கிக்கர், மேலிருந்து தூக்கிப் பிடிக்க டாப்பிங் லிஃப்ட்.

இவ்வளவு போதும். மரத்தடியில் ராட்செட் நெம்புகோல் ஒன்றும் இருக்கும், தண்டை ஒரு பக்கம் மட்டும் சுழலவிடும் பூட்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது தனிக் கதை.

2. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

பாயைப் புதிதாக ஏற்றுவதாக இருந்தால் இரண்டு பேர், காற்றில்லாத ஒரு காலை, அணியம், அதாவது படகின் முன்முனை, காற்றை நோக்கி நிற்கும்படி கட்டிய படகு. லங்காவியில் நாங்கள் எட்டு மணிக்குள் முடித்துவிடுவோம். 8 நாட்டுக்கு, அதாவது மணிக்கு 8 கடல் மைலுக்கு, மேல் காற்று வந்தால் பாதி ஏறிய பாய் உங்களோடு மல்லுக்கு நிற்கும்.

உலர்ந்துவிடும் சிலிக்கோன் ஸ்ப்ரே ஒன்று. எண்ணெய், கிரீஸ் கூடாது. அவை உப்பையும் தூசியையும் பிடித்துவைத்துக் காடியை அரைக்கும். ஷாக்கிள் எனும் இணைப்பு வளையத்தின் முள்ளைச் சுற்ற டேப். மரத்தின் பிளவுக்குள் பார்க்க டார்ச். மேலே நடப்பதைப் பார்க்கப் படகிலேயே இருக்கும் பைனாகுலர். அடையாளம் போட ஊசியும் மெழுகு நூலும். மார்க்கர் பேனா மை ஒரே சீசனில் வெளுத்துவிடும், நூல் நிற்கும்.

உள்தண்டைச் சுழற்றும் கியரில் நேரடியாகச் செருகும் கைப்பிடி உங்கள் படகில் உண்டா என்று இப்போதே பாருங்கள். பல மரங்களில் வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) கைப்பிடியே அதில் பொருந்தும். சிக்கும் நாளில் அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

3. முதலில் மரம் நேராக இருக்கட்டும்

சாதாரண மெயின்செயிலுக்கு மரத்தைச் சற்று வளைத்து வைப்பது வழக்கம். உள்ளே சுருளும் பாய்க்கு அது ஆகாது. மரம் வளைந்தால் நேராக நிற்க விரும்பும் உள்தண்டு நடுப்பகுதியில் அறையின் சுவரை உரசும். சுருள் தடிக்கத் தடிக்க உரசல் கூடும்.

மரத்தின் பின்னால் நின்று பிளவின் வழியே கண்ணை மேலே ஓட்டுங்கள். பக்கவாட்டில் வளைவு தெரியவே கூடாது. முன்பின் வளைவு இருந்தால் மிகச் சொற்பமாக இருக்கலாம். பேக்ஸ்டேயை, அதாவது மரத்தின் உச்சியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் கம்பியை, இறுக்கும் வசதி இருந்தால், சுருட்டும் முன்பும் விரிக்கும் முன்பும் அதைத் தளர்த்துவது பழக்கமாகிவிட வேண்டும். காற்றை எதிர்த்து ஓட்டும்போது இறுக்கியதை அப்படியே விட்டுவிட்டு, "நேத்து லேசா இருந்துச்சு, இன்னிக்கு கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்பவர்கள் நிறைய.

4. பாயை ஏற்றுவது

முதலில் காடியின் வாய்க்குச் சிலிக்கோன் அடியுங்கள். ஹாலியார்டைப் பாயின் தலையில் மாட்டும்போது அது ஸ்விவலின் வழியாகத்தான் போக வேண்டும். தண்டு சுழலும்போது ஹாலியார்டும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளாமல் காப்பது அந்த ஸ்விவல்தான். ஷாக்கிள் முள்ளின்மேல் டேப் சுற்றுங்கள். மரத்துக்குள் போன பிறகு அது கழன்றால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.

ஒருவர் கீழே நின்று லஃப்பைக் காடிக்குள் ஊட்ட, இன்னொருவர் கையால் இழுக்கட்டும். வின்ச் தேவைப்பட்டால் எங்கோ லஃப் துணி சுருண்டிருக்கிறது என்று பொருள். நிறுத்தி, ஒரு முழம் இறக்கி, நீவிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

தலை மேலே போனதும் டாக்கைக் கியரில் மாட்டுங்கள், க்ளூவில் அவுட்ஹாலைக் கோத்துவிடுங்கள். பாயை முழுக்க விரித்த நிலையில் வைத்துக்கொண்டே அடுத்த படிக்குப் போங்கள்.

5. ஹாலியார்டின் இறுக்கம்

புதிதாக வருபவர்கள் இங்கே இரண்டு பக்கமும் தவறுவார்கள். சாதாரணப் பாய் ஓட்டிப் பழகியவர் வின்சில் வைத்து முறுக்குவார். பயந்தவர் தொங்கவிடுவார்.

லஃப்பில் படுக்கைவாட்டுச் சுருக்கங்கள் தெரிந்தால் தளர்வு. மேலிருந்து கீழாக ஒரு நீளமான மடிப்பு லஃப்பை ஒட்டி ஓடினால் அதிக இறுக்கம். படுக்கைச் சுருக்கம் மறைந்த இடத்தில் நிறுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். அதிகம் இறுக்கினால் அந்த நெடுக்கு மடிப்புதான் முதல் சுற்றிலேயே உள்ளே போய்ச் சுருளின் நடுவில் தடிப்பாக உட்காரும். ஸ்விவலின் பேரிங்கும் சுமை தாங்காமல் சுழல மறுக்கும். தளர்வாக விட்டாலோ பாய் தண்டில் கீழே இறங்கி, சுருள் அடிப்பக்கம் குண்டாகும்.

இறுக்கம் சரியானதும் ஹாலியார்டில் கிளட்ச் (கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பூட்டு) இருக்கும் இடத்தில் நூலால் ஓர் அடையாளம். புதுக் கயிறு முதல் சில வாரங்களில் நீளும், மறுபடி பாருங்கள்.

துணியை விறைப்பாக்கும் செங்குத்துக் கம்புகள் உள்ள பாய் என்றால் இன்னொன்று. கம்பு பிளவுக்குள் நுழையும்போது மரத்துக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்து வந்தால் ஒரு முனை முதலில் நுழைந்து மறுமுனை வெளியே நிற்கும், அங்கேயே எல்லாம் நின்றுவிடும். கம்பு சாய்வதற்குக் காரணம் ஹாலியார்ட் அல்லது அடுத்து வரும் பூமின் உயரம்.

6. பூமின் உயரம்: எல்லாம் இங்கேதான்

வீட்டில் கோரைப்பாய் சுருட்டியிருப்பீர்கள். இரண்டு ஓரத்தையும் ஒரே அழுத்தத்தில் பிடித்துச் சுருட்டினால் உருளையாக வரும். ஓர் ஓரம் தொய்ந்தால் சுருள் கூம்பாகி, ஒரு பக்கம் உருவிக்கொண்டு வெளியே வரும். படுக்கிற பாய்க்கும் காற்றைப் பிடிக்கிற பாய்க்கும் தமிழில் ஒரே பெயர். சுருட்டும்போது குணமும் ஒன்றுதான்.

இங்கே அந்த இரண்டு ஓரங்கள் லீச்சும் ஃபுட்டும். இரண்டையும் இழுப்பது அவுட்ஹால் என்கிற ஒரே கயிறு. அது எந்தக் கோணத்தில் இழுக்கிறது என்பதைப் பூமின் உயரம் தீர்மானிக்கிறது.

பூம் தாழ்ந்திருந்தால் இழுப்பு கீழ்நோக்கிப் போகும். லீச் விறைக்கும், ஃபுட் தொய்யும். தொய்ந்த துணி மரத்தடியில் கொசகொசவென்று குவிந்து உள்ளே போகும். பூம் மிக உயர்ந்திருந்தால் நேர் எதிர்: ஃபுட் விறைத்து, லீச்சின் மேல்பகுதி தொளதொளத்து, மேலே சாய்வு மடிப்புகளோடு சுருளும். இரண்டாவதுதான் மோசம். மடிப்பு பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும், கீழே இருப்பவருக்குத் தெரியாது, கை எட்டாது.

சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க, காற்றில்லாத காலையில் துறையில் கட்டியபடியே செய்யுங்கள். பூமும் மரமும் ஏறக்குறைய 90 டிகிரியில் இருக்கும்படி வையுங்கள். மெயின்ஷீட்டை, அதாவது பூமை உள்ளே இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, முழுவதும் தளர்த்துங்கள். கிக்கரின் கயிற்றையும் விட்டுவிடுங்கள். இவை இரண்டும் இறுகியிருந்தால் பூமைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், நீங்கள் டாப்பிங் லிஃப்டில் என்ன வைத்தாலும் பயனில்லை. இப்போது அவுட்ஹாலில் லேசான பிடியோடு மெதுவாகச் சுருட்டி, ஒருவர் மரத்தடியில் நின்று பாருங்கள்.

மடிப்பு ஃபுட்டில் வந்தால் பூமின் முனையை ஐந்து சென்டிமீட்டர் உயர்த்துங்கள். மேலே லீச்சில் வந்தால் ஐந்து சென்டிமீட்டர் தாழ்த்துங்கள். மறுபடி விரித்து, மறுபடி சுருட்டுங்கள். மூன்று நான்கு முறையில் இரண்டு இடமும் சமமாக வரும் உயரம் கிடைத்துவிடும். அந்த இடத்தில் டாப்பிங் லிஃப்டில் சிவப்பு நூல் கட்டுங்கள். ராட் கிக்கர் (தண்டு வடிவக் கிக்கர்) மட்டுமே உள்ள படகென்றால் அதன் கயிற்றில்.

எங்கள் படகுகளில் பயணியிடம் நான் விடாமல் காட்டுவது அந்தச் சிவப்பு நூலைத்தான். மற்றதை மறந்தாலும் நூல் கிளட்சில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சுருட்டினால் பாதிச் சிக்கல் வராது.

7. காற்று எந்தப் பக்கம் இருக்க வேண்டும்

"காத்துக்கு நேரா நிறுத்தணும்" என்று பலர் சொல்லிக்கொடுப்பார்கள். நேராக நிறுத்தினால் பாய் படபடவென்று அடித்துக்கொண்டே உள்ளே போகும். அடிக்கிற ஒவ்வோர் அடியும் ஒரு தொய்வு. காற்று அணியத்திலிருந்து 10 முதல் 20 டிகிரி ஒரு பக்கமாக இருக்கட்டும். ஷீட் தளர்ந்து, பாய் சுமையில்லாமல் அமைதியாகக் கிடக்க வேண்டும்.

எந்தப் பக்கம் என்பது உங்கள் மரத்தைப் பொறுத்தது. டார்ச்சை எடுத்துப் பிளவுக்குள் பாருங்கள். பாய் சுருளின் வலப்பக்கத்திலிருந்து கிளம்பிப் பிளவுக்கு வருகிறதா, இடப்பக்கத்திலிருந்தா? வலப்பக்கம் என்றால் காற்று வலப்பக்கமிருந்து வரட்டும். இடப்பக்கம் என்றால் இடப்பக்கமிருந்து. மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: சுருளின் வலப்பக்கம் கிளம்பும் துணி பிளவை நோக்கிச் சாய்வாக இடப்பக்கம் போகிறது. வலக்காற்று அதை அதே திசையில் மேலும் இடப்பக்கம் தள்ளும், துணி ஏறக்குறைய நேர்கோட்டில் ஓடும். காற்று மாறிவந்தால் பிளவின் விளிம்பில் துணி திரும்பி மடங்கி உரசும். விளிம்பில் உரசும் பாயின் சத்தத்தை ஒரு முறை கேட்டால் பிறகு மறக்காது, காய்ந்த பனையோலையை இழுப்பது போல் இருக்கும்.

கண்டுபிடித்ததும் மரத்தடியில் ஓர் அம்புக்குறி ஒட்டிவிடுங்கள்.

8. விரிப்பது

வரிசை முக்கியம்.

எஞ்சின் ஓடட்டும், மெதுவாக முன்னே. காற்று உரிய பக்கம் 10 முதல் 20 டிகிரி. பேக்ஸ்டே தளர்வு. ஷீட், கிக்கர் தளர்வு. டாப்பிங் லிஃப்ட் சிவப்பு நூலில். ராட்செட் விடுபட்ட நிலையில்.

இப்போது அவுட்ஹாலை இழுங்கள். சுருட்டுக் கயிறு கையில் லேசான பிடியோடு பின்தொடரட்டும். இழுப்பது அவுட்ஹால் மட்டுமே. சுருட்டுக் கயிற்றைத் தாராளமாக விட்டாலோ, பாயை வெளியே "தள்ள" அதை எதிர்ப்பக்கம் இழுத்தாலோ, தண்டு பாயைவிட வேகமாகச் சுழலும். சுருள் உள்ளேயே தளர்ந்து, புட்டிக்குள் சுருட்டிப் போட்ட காகிதம் விரிந்து புட்டியின் சுவரைப் பிடித்துக்கொள்வது போல அறையை அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு இழுத்தாலும் உரசல்தான் கூடும்.

முதல் ஒரு மீட்டர் மெதுவாக. அங்கேதான் க்ளூவின் தடித்த ஒட்டுத் துணிகளும் வெயில் காக்கும் பட்டையும் இருக்கின்றன. அது வெளியே வந்ததும் பாய் தானாக வேகம் பிடிக்கும். முழுவதும் வந்ததும் அவுட்ஹாலைத் தேவைக்கு இறுக்கி, டாப்பிங் லிஃப்டைத் தளர்த்திவிட்டு, ஷீட்டையும் கிக்கரையும் இழுத்துக்கொள்ளுங்கள்.

மின் வின்ச் இருந்தால் ஒரு விதி. மோட்டாரின் ஒலி இறங்கினால் விரலை எடு. கை வின்சில் சுமை கூடுவது தோளில் தெரியும், மின் வின்சில் தெரியாது. தூபா தீவுக்குப் பக்கத்தில் ஒரு பயணி ராட்செட் பூட்டியிருப்பதை மறந்து பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் நிறுத்தியபோது க்ளூவின் வளையம் கையகலத் துணியோடு பிய்ந்து பூமில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அன்று காலை ஒப்படைக்கும்போது ராட்செட்டைக் காட்டாமல் விட்டவன் நான்.

9. ராட்செட்

செல்டன் போன்ற தயாரிப்பாளர்களின் மரங்களில் கியருக்குப் பக்கத்தில் சின்ன நெம்புகோலாக இருக்கும். ஒரு நிலையில் தண்டு இரு பக்கமும் சுழலும். இன்னொரு நிலையில் சுருட்டும் பக்கம் மட்டும் சுழலும், விரிவது நடக்காது. பாதி சுருட்டி ஓட்டும்போது பூட்டு வேண்டும். இல்லையேல் சுமை முழுவதையும் சுருட்டுக் கயிறு தாங்கும். நங்கூரத்தில் நிற்கும்போதும் பூட்டி வையுங்கள்.

விரிக்கும் முன் அதை ஒருவர் கையால் தொட்டு "ஃப்ரீ" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். காக்பிட்டிலிருந்து, அதாவது படகை ஓட்டும் இடத்திலிருந்து, பார்த்தால் நெம்புகோலின் நிலை சரியாகத் தெரியாது.

10. சுருட்டுவது

விரித்ததன் தலைகீழ் வரிசைதான், ஆனால் அவசரம் இங்கேதான் புகும். வேலையைச் சீக்கிரமே தொடங்குங்கள். நங்கூரமிடும் இடத்துக்கு ஒரு மைல் முன்பே.

எஞ்சின் மெதுவாக. காற்று உரிய பக்கம். பேக்ஸ்டே தளர்வு. முதலில் டாப்பிங் லிஃப்டைச் சிவப்பு நூலுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே கிக்கரையும் ஷீட்டையும் விடுங்கள். மாற்றிச் செய்தால் பூம் தலையில் இறங்கும்.

பாய் காற்றுச் சுமையை இழந்ததும் அவுட்ஹாலை வின்சில் ஒன்றரைச் சுற்று விட்டு, கையில் பிடித்துக்கொண்டு சிறிது சிறிதாக நழுவவிடுங்கள். எவ்வளவு பிடி? ஃபுட் ஒரு நேர்கோடாக நிற்க வேண்டும், பூமை மேலே தூக்கக் கூடாது. அவுட்ஹாலைக் கிளட்சில் முழுவதும் திறந்துவிட்டு இரண்டு கையாலும் சுருட்டுக் கயிற்றை இழுப்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. வேகமாகப் போகும், இலகுவாகப் போகும், செய்தவருக்குப் பெருமையாகவும் இருக்கும். மறுநாள்தான் தெரியும்.

ஆள் இருந்தால் ஒருவர் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கட்டும். மடிப்பு ஒன்று உள்ளே போவதைப் பார்த்தால் உடனே "நிறுத்து". இரண்டு சுற்று வெளியே எடுத்து, பிடியைக் கூட்டி, மறுபடி. அப்போது அரை நிமிட வேலை. விட்டுவிட்டால் மறுநாள் ஒரு மணி நேரம்.

க்ளூ முழுவதும் பிளவுக்குள் போகக் கூடாது. போனால் அவுட்ஹால் பிளவின் விளிம்பில் மடங்கி இழுக்கும், தடித்த மூலைத் துணி உள்ளே ஆப்பு போல் மாட்டும். க்ளூ வெளியே நிற்கும் இடத்தில் அவுட்ஹாலிலும் ஒரு நூல் அடையாளம்.

11. காற்று ஏறும்போது பாதி சுருட்டுவது

ரீஃப் எடுப்பதும் இதே முறை, பாதியில் நிறுத்துவது மட்டும் வித்தியாசம். நிறுத்தியதும் ராட்செட்டைப் பூட்டி, அவுட்ஹாலை நன்றாக இறுக்குங்கள். சுருட்டிய பாய் தட்டையாக இருந்தால்தான் படகு சாயாமல் போகும்.

மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா என்று நாங்கள் சொல்லும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலை ஒட்டி வரும். மேற்கே கறுப்பாக ஒரு வளைவு தெரிந்து சில நிமிடங்களில் 10 நாட் காற்று 35 ஆகிவிடும். அந்த வளைவைப் பார்த்ததுமே பாயை முழுவதும் உள்ளே எடுங்கள். சுமையோடு சுருட்டுவது இந்தக் கருவியால் ஆகாத காரியம்.

12. சிக்கிவிட்டால்

கீழே உள்ளதை வரிசையாகச் செய்யுங்கள். பலர் பூமின் உயரத்தை மாற்றுவதிலிருந்து தொடங்குவார்கள்.

கையை எடுங்கள். வின்சை இன்னும் ஒரு சுற்று முறுக்கினால் வரும் என்று தோன்றும். வராது, மடிப்பு பிளவில் இன்னும் ஆழமாக ஆப்படிக்கும்.

எளியவற்றைப் பாருங்கள். ராட்செட் பூட்டியிருக்கிறதா? சுருட்டுக் கயிறு கிளட்சில் பூட்டியிருக்கிறதா, எங்காவது முடிச்சு? கிக்கர், ஷீட், பேக்ஸ்டே தளர்வா? காற்று உரிய பக்கமா?

பைனாகுலரால் மேலே பாருங்கள். மடிப்பு எந்த உயரத்தில்? இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்தது செய்வது குருட்டு வேலை.

அவுட்ஹாலைப் பூட்டிவிட்டு, கியரில் கைப்பிடியைச் செருகிச் சுருட்டும் பக்கம் மெதுவாகச் சுழற்றுங்கள். பாய் உள்ளே போவது நோக்கமில்லை. உள்ளே தளர்ந்து அறையை அடைத்திருக்கும் சுருளைத் தண்டின்மேல் இறுக்குவதுதான் நோக்கம். ஒன்று, சில நேரம் இரண்டு மூன்று சுற்றுகூடப் போகும். திடீரென்று கைப்பிடி கனக்கும். அப்போது சுருள் இறுகிவிட்டது.

இப்போது அவுட்ஹாலை இழுங்கள். கையளவு வரலாம். மறுபடி இறுக்குங்கள், மறுபடி இழுங்கள். ஒவ்வொரு தடவையும் மடிப்பு ஒரு சாண் நகரும். பொறுமைதான் கருவி. இருபது தடவை செய்து எடுத்த நாளும் உண்டு.

நகரவில்லை என்றால் பூமின் உயரத்தை மாற்றுங்கள். மடிப்பு மேலே என்றால் பூமைத் தாழ்த்தி லீச்சை இழுக்க வேண்டும். ஒருவர் க்ளூவைப் பிடித்துக் கீழே தொங்கினாற்போல் இழுக்கலாம். மடிப்பு கீழே என்றால் பூமை உயர்த்தி நேராகப் பின்னால். அதோடு கைப்பிடியால் சுருளை இறுக்குவதை மறுபடி.

கடைசியாக, ஹாலியார்டை ஐந்து சென்டிமீட்டர் தளர்த்திப் பாருங்கள். மடிப்பு சில நேரம் கீழிறங்கி விடுபடும். அதற்கு மேல் தளர்த்த வேண்டாம், தளர்ந்த ஹாலியார்ட் மேலே தண்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டால் இரண்டாவது சிக்கல்.

பாதி வெளியே நிற்கும் பாயோடு காற்று ஏறுகிறது, எதுவும் பலிக்கவில்லை என்றால்: பூமை ஷீட்டால் நடுவில் கட்டுங்கள். மீதி ஹாலியார்ட் ஒன்றை எடுத்து, வெளியே நிற்கும் பாயையும் மரத்தையும் சேர்த்து மேலிருந்து சுருளாகச் சுற்றி இறுக்குங்கள். அழகாக இருக்காது. ஆனால் எஞ்சினில் துறைக்கு வர அது போதும். நகரும் படகில் ஆளை மரத்தில் ஏற்ற வேண்டாம். கத்தியை எடுப்பது அதற்கும் பிறகு.

13. பிற கோளாறுகள், சுருக்கமாக

முனையில்லாத சுருட்டுக் கயிறு கியரில் வழுக்கினால் முதலில் கயிற்றின் தளர்வு பக்கத்தை இறுக்குங்கள். அப்படியும் வழுக்கினால் கயிற்றின் பருமன் கியருக்குப் பொருந்தியதுதானா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் மெலிந்த கயிறு போட்டுவிட்டுக் கியரைக் குறை சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். உருளை வகையில், விரிக்கும்போது சுருட்டுக் கயிற்றில் பிடி இல்லாவிட்டால் அது உருளையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒவ்வொரு முறையும் மடிப்பு விழுந்தால் பாய் தளர்ந்துவிட்டது. வெயிலிலும் சுமையிலும் நீண்டு வயிறு விழுந்த துணி தட்டையாகச் சுருளாது. எத்தனை கியர் மாற்றினாலும் தீராது. பாய் தைப்பவரிடம் கொண்டுபோய் வயிற்றைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள், முடியாவிட்டால் புதுப் பாய்தான்.

மரத்துக்குள் இரவெல்லாம் "டக் டக்" என்று அடித்தால் உள்தண்டின் இறுக்கம் குறைந்திருக்கலாம்; தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். புல்லாங்குழல் போல ஊதினால் கோளாறில்லை, பாய் உள்ளே இருக்க, திறந்த பிளவின்மேல் காற்று ஓடுகிறது. அதற்கென்றே பிளவை மூடும் துணிப்பட்டை கிடைக்கும், ஒரு ஹாலியார்டில் ஏற்றிவிட வேண்டியதுதான். விரிக்கும் முன் அதை இறக்க மறக்காதீர்கள். எங்கள் துறையில் ஒருவர் மறந்தார், பாதி நாள் போயிற்று.

14. பராமரிப்பு

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் மரத்தடிக் கியரையும் பிளவின் கீழ்ப்பகுதியையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு காய்ந்து பேரிங்கில் கட்டியானால் சுழற்சி கனக்கும், அதைப் பாயின் சிக்கல் என்று தவறாக நினைப்பீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை பாயை இறக்கி, மேலே ஏறி ஸ்விவலைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் கழுவி, கையேட்டில் சொன்ன மசகு போடுங்கள்.

க்ளூ எப்போதும் வெயிலில் நிற்பதால் அங்கே தையல்தான் முதலில் போகும். விரல் நகத்தால் நூலைச் சுரண்டிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அடுத்த பயணத்துக்கு முன் தைத்துவிடுங்கள்.